மயக்கமும் அதன் பின் வரும் பேச்சும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து செல்வோரை வயல்வெளியும் குளங்களும் கோயில்களுமாக எதிர்கொள்ளும் படுவான்கரைப் பகுதியைச் சேர்ந்த பழுகாமத்தில், மனிதனுடைய சித்தம் தன் நாளாந்த நிலையை விட்டு வேறொரு நிலைக்குச் சென்று மீளக்கூடும் என்பதை எவருக்கும் நிரூபித்துக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிக்கும் அடியவரையும், இப்பகுதிக் கோயிற் சடங்குகளில் பறையும் உடுக்கும் முழங்க உருவேறி ஆடி வாக்குச் சொல்லுவோரையும் குழந்தைப் பருவம் முதற் கண்டு பழகியவர்க்கு, மேல்நாட்டு மனோதத்துவ நூல்கள் பல பக்கங்களில் வாதாடி நிலைநாட்ட முயலும் அவ்வுண்மை மிகச் சாதாரணமானது. ஆயினும், அந்த நிலையினால் மனத்துயரம் நீங்குமா, நீங்குமாயின் அதனை நீக்குவது அந்த நிலைதானா, அன்றி அதனுள்ளும் அதன் பின்னும் நிகழும் பேச்சும் உறவுந்தாமா என்ற கேள்வி மேற்கே தீராதது போலவே இங்கும் தீர்ந்தபாடில்லை. ஹிப்னாட்டிசம் என்றும் மனோவசியம் என்றும் முன்னர் வழங்கி, இக்காலத்தில் அறிதுயில் என்று பெயர் பெற்றுள்ள அம்முறையை உளச்சிகிச்சையோடு சேர்த்துப் பிரயோகிக்கும்போது கவலை, அச்சம், துக்கம், அதிர்ச்சி முதலிய உணர்ச்சிப் பிணிகளுக்கு என்ன பயன் விளைகிறது என்பதை, இம்மண்ணின் அநுபவத்தையும் அருகில் வைத்துக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதன் சரித்திரம் பலமுறை சொல்லப்பட்டதாகலின் விரைந்து கடக்கலாம். வியன்னாவிலிருந்து பாரிஸ் சென்ற பிரான்ஸ் அன்டன் மெஸ்மர், உயிர்களிடையே ஓடும் காந்தத் திரவமொன்றைத் தாம் ஆள்வதாகச் சொல்லி நோய் தீர்த்தார். 1784இல் பிரெஞ்சு மன்னர் நியமித்த, பெஞ்சமின் பிராங்கிளினும் லவாய்சியரும் இடம்பெற்ற விசாரணைக் குழு, அப்படியொரு திரவம் இல்லையென்றும் காணப்பட்ட விளைவுகளுக்குக் கற்பனையே காரணமென்றும் தீர்ப்பளித்தது. மெஸ்மரைக் கவிழ்த்த அத்தீர்ப்பை நிதானமாகப் படிப்பவருக்கு அது ஒரு கண்டுபிடிப்பாகவும் தோன்றும். ஏனெனில், கற்பனையினால் மனிதர் துடித்து விழுந்து எழுந்து சுகப்படுவது மெய்யென்றால், கற்பனையின் சக்தியை ஆராய்வதன்றோ அடுத்த வேலையாக இருந்திருக்க வேண்டும்? அந்த வேலையைத் தொடங்கியவர் நம் பக்கத்து மனிதர் என்பது பலர் அறியாதது. 1756இல் கோவாவின் கண்டோலிமில் பிறந்து, பாதிரியாராகி, 1813இல் பாரிஸில் பகிரங்க வகுப்புகள் நடத்திய அபே பாரியா, மயக்கத்தை உண்டாக்கும் சக்தி செய்பவரிடமிருந்து பாய்வதன்று, அதற்கு உட்படுபவரின் சித்தத்திலேயே இருப்பது என்று துணிந்து சொன்னார். அலெக்சாந்தர் டூமாவின் மாண்டி கிறிஸ்டோ நாவலில் சிறையில் வாழும் பாதிரியாருக்கு அவருடைய பெயர் கிடைத்தது. பஞ்சிமில் 1945 முதல் அவருக்கு ஒரு சிலையும் உண்டு. ஆனால் இன்றுவரை அறிதுயிலைப் பற்றிச் சொல்லப்பட்ட பெருவாக்கியம் அவருடையதே என்பதை ஒப்புக்கொண்டோர் சிலரே.

இன்னொரு பெயர் வங்காளத்தைச் சேர்ந்தது. ஸ்கொத்லாந்துக்காரரான ஜேம்ஸ் எஸ்டெயில் என்னும் சத்திர வைத்தியர், 1845இல் ஹூக்ளியில் ஒரு சிறைக்கைதியின்மீது மெஸ்மரின் முறையை முதன்முதலாகப் பரீட்சித்து, பின்னர் யானைக்கால் நோய்க் கிருமியால் விளைந்த பெருங்கட்டிகளை நோயாளி வலியறியாதிருக்க அறுத்தெடுத்தார். 1846இல் கல்கத்தாவில் இதற்கெனவே ஒரு வைத்தியசாலையும் அமைந்தது. அவ்வாண்டிலேயே பொஸ்டனில் ஈதரும் அடுத்த ஆண்டில் குளோரோபோமும் அறுவைச் சிகிச்சைக்கு வந்து சேர்ந்ததால் அவருடைய முறை மங்கிப்போயிற்று. எஸ்டெயிலின் குறிப்புகளில் எனக்கு முக்கியமாகப் படுவது அறுவையன்று. வங்காளத்து மந்திரவாதிகள் நோயாளியின் உடலை மெல்லத் தடவி ஊதி ஓதுவதைக் கண்டு, தாம் செய்வதும் அவர்கள் செய்வதும் உறவுடையன என்று அவர் தயங்காது ஒப்புக்கொண்டதே. தண்ணீர் ஓதிக் கொடுப்பதும், நூல் கட்டுவதும், வேப்பிலையால் தடவிப் பார்வை பார்ப்பதும் வழக்கிலுள்ள மட்டக்களப்பில் வாழ்வோருக்கு அவர் சொன்னது விளங்கும்.

மாஞ்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்ட் 1840களில் இதற்குக் கிரேக்க வேரிலிருந்து ஹிப்னாட்டிசம் என்ற பெயரை நிலைநிறுத்தியதும், பாரிஸில் சார்கோ இதனை ஹிஸ்டீரியா நோயின் அடையாளமாகக் கொள்ள, நான்சி நகரத்துப் பெர்ன்ஹைம் இது எவருக்கும் இயல்பான ஏற்புத்தன்மையே என மறுத்ததும் அறிந்த செய்திகள். நம் ஆராய்ச்சிக்கு உரிய திருப்பம் இவர்களுக்குப் பின்னர் வருகிறது. ஜோசப் புரொயர், ஆன்னா ஓ. எனக் குறிக்கப்பட்ட இளம்பெண்ணுக்கு 1880 முதல் 1882 வரை அளித்த சிகிச்சையில், அறிதுயிலில் அவள் தன் துயரக் காட்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லச் சொல்லக் குறிகள் தணிவதைக் கண்டார்; மயக்கத்தில் ஆணையிட்டு நோயை விரட்டும் பழைய வழியிலிருந்து மயக்கத்தில் பேசவிடும் புதிய வழி பிரிந்தது அங்கேதான். சிக்மண்ட் பிராய்ட் அந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு மயக்கத்தைக் கைவிட்டார். எல்லோரும் மயங்குவதில்லை, தீர்ந்த குறி திரும்பி வருகிறது, நோயாளி வைத்தியர்மீது கொள்ளும் பற்று மறைந்தே கிடக்கிறது என்பன அவர் கூறிய காரணங்கள். இவை சரியானவையே. எனினும், 1918இல் புடாபெஸ்ட்டில் ஆற்றிய உரையில், பெருந்தொகையான ஏழை மக்களுக்குச் சிகிச்சை அளிக்க வேண்டிவரும் காலத்தில் உளப்பகுப்பாய்வென்னும் தூய பொன்னோடு நேரடி ஏவலென்னும் செம்பைக் கலக்க வேண்டியிருக்கும் என்றும், அறிதுயிலுக்கும் மீண்டும் இடம் கிடைக்கலாம் என்றும் அவரே சொன்னார். செல்வர்க்கு ஆண்டுக்கணக்கான பகுப்பாய்வு, ஏழைக்குக் கலப்பு மருந்து என்ற எண்ணம் அதில் தொனிப்பது எனக்கு உவப்பன்று; ஆனால் அவர் செம்பென்று சொன்னதே சில பிணிகளில் பொன்னுக்கு உறுதி தந்தது என்பதைப் பின்வந்த பரீட்சைகள் காட்டின.

இக்காலத்தில் இவ்விணைப்பு நடைபெறும் விதத்தைச் சொல்லுகிறேன். அறையில் மணி ஊசலாடும் என்றும், நோயாளி பிணம்போற் கிடப்பார் என்றும் சினிமாவால் நேர்ந்த எண்ணத்தை அது நீக்கும். முதல் அமர்வுகள் வெறும் பேச்சே: துயரம் எப்போது தொடங்கிற்று, வீட்டில் யார் யார், எதற்கு அஞ்சுகிறார், எதனால் ஆறுதல் பெறுகிறார், அறிதுயிலைப் பற்றி என்ன கேள்விப்பட்டிருக்கிறார் என்பன கேட்டறியப்படும். பின்னர், மூச்சிலோ ஒரு காட்சியிலோ கவனத்தைக் குவித்து உடலைத் தளரவிட்டு, புறச்சந்தடி பின்வாங்கி அகக்காட்சி தெளிவடையும் நிலைக்கு நோயாளி வழிகாட்டப்படுகிறார். அவர் உறங்குவதில்லை, பேசுவதைக் கேட்கிறார், விரும்பாததைச் செய்ய மறுக்கவும் வல்லவர். அந்நிலையில், பாதுகாப்பான ஓரிடத்தைக் கற்பனையிற் காண்பதும், அஞ்சும் காட்சியைச் சிறிது சிறிதாக நெருங்கிப் பார்ப்பதும், இங்கிலாந்து வைத்தியர் ஜோன் ஹார்ட்லண்ட் வகுத்ததுபோலத் தன்னம்பிக்கை வளர்க்கும் சொற்களைக் கேட்பதும் நிகழும். விழித்த பின், கண்டதையும் உணர்ந்ததையும் குறித்து மீண்டும் பேச்சு. இறுதியாக, வைத்தியர் இல்லாமலே இரவில் தானாகச் செய்துகொள்ளும் பயிற்சி கற்பிக்கப்படும். ஒரு சிகிச்சையின் பெரும்பகுதி விழிப்பிலேயே கழிவதை இதனாற் காணலாம். நிலத்தை உழுது சேறாக்குவது போன்றது மயக்கம். விதைப்பதும் களை பறிப்பதும் காவல் இருப்பதும் பேச்சு. சேறாக்கியதோடு வீடு திரும்பும் வெள்ளாண்மைக்காரர் படுவான்கரையில் இல்லை.

பயனுக்குச் சான்று என்ன? 1995இல் இர்விங் கிர்ஷும் வேறு இருவரும் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சிந்தனை-நடத்தைச் சிகிச்சையோடு அறிதுயிலையும் பெற்ற சராசரி நோயாளி, அறிதுயில் சேராத சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 70 பேரைவிட அதிக முன்னேற்றம் அடைந்தார் என்று வெளியிட்டனர். அடுத்த ஆண்டே உடற்பருமன் பற்றிய ஆய்வுகளின் கணக்கை மறுபரிசீலனை செய்த வேறிருவர், அப்பகுதியில் பயன் மிகச் சுருங்குவதாகக் காட்டினர். இது ஆராய்ச்சியின் நேர்மைக்கு அழகேயன்றி முழு முடிவையும் தள்ளிவிடவில்லை. கனடாவில் அசன் அலாதீனும் அலிபாயும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுற்ற 84 பேருக்கு 16 வாரங்கள் சிகிச்சை அளிக்கப்பட்டது; அறிதுயில் சேர்ந்த குழுவில் சோர்வும் கவலையும் நம்பிக்கையின்மையும் சற்றே கூடுதலாகத் தணிந்தன. அந்தச் ‘சற்றே’ என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். 2019இல் வலன்டைன் முதலானோர் கவலை நோய்க்கான பரீட்சைகளைத் தொகுத்தபோது, அறிதுயில் பெற்ற சராசரி ஆள், பெறாதவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 79 பேரைவிடக் கவலை குறையப்பெற்றார் என்பதோடு, அறிதுயிலைத் தனியே கொடுத்ததைக் காட்டிலும் வேறு உளச்சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தபோதே பயன் மிகுந்தது என்பதும் வெளிப்பட்டது.

போரும் சுனாமியும் கண்ட கிழக்கிலங்கைக்கு இவற்றினும் நெருக்கமானது சிட்னியில் ரிச்சர்ட் பிரையன்ட் குழுவினர் செய்து 2005இல் வெளியிட்ட பரீட்சை. விபத்திலோ தாக்குதலிலோ அகப்பட்டு அதிர்ச்சியுற்ற 87 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சிந்தனை-நடத்தைச் சிகிச்சையும், மற்றொன்றுக்கு அதனோடு அறிதுயிலும், மூன்றாவதற்கு ஆதரவான ஆலோசனையும் ஆறு அமர்வுகளில் அளித்தனர். நடந்த கொடுமையை மனத்தால் மீண்டும் காணும் பயிற்சிக்குச் சற்று முன்னர் அறிதுயில் வைக்கப்பட்டது. சிகிச்சை முடிந்தவுடன், கொடுங்காட்சி தானே மீண்டும் மீண்டும் எழும் துன்பம் அறிதுயில் சேர்ந்த பிரிவில் மிகுதியாகக் குறைந்திருந்தது. ஆறு மாதம் கழித்துச் சிகிச்சையை முழுமையாகப் பெற்றவர்களைப் பார்த்தபோது, முதலிரு பிரிவிலும் நாட்பட்ட அதிர்ச்சி நோய் உள்ளோர் ஏறத்தாழ நூற்றுக்கு 21, 22 என்ற அளவில் சமமாயினர். வெறும் ஆதரவு பெற்றோரில் அது 59. எனவே, அறிதுயில் விரைவு தந்தது, நிலைபேற்றைத் தந்தது உளச்சிகிச்சை என்று நான் இதனை வாசிக்கிறேன். இரவில் கண்மூட முடியாத ஒருவருக்கு விரைவும் சிறிய வரமன்று.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். இலங்கையில் அறிதுயிலின் பெயரை வீடுதோறும் கொண்டுசென்றவர் வைத்தியரல்லர். 1898இல் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு வந்து, பின்னர் கொழும்பில் நெடுங்காலம் தாவரவியல் கற்பித்த ஏபிரகாம் தோமஸ் கோவூர். தெய்வீக சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் சவால் விடுத்த பகுத்தறிவுவாதியாகவே அவரை உலகம் அறிந்தாலும், ஓய்வு பெற்றபின் 1978இல் மறையும்வரை அவர் செய்த தொண்டின் மற்றொரு பாதி, பேய் பிடித்ததாகவும் வீட்டின்மேற் கல் விழுவதாகவும் ஆடை தானே எரிவதாகவும் அஞ்சி வந்த குடும்பங்களைச் சந்திப்பதாகும். அவருடைய குறிப்புகளில் ஒரே ஒழுங்கு திரும்பத் திரும்ப வரும்: வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிப்பார், மனவேதனையை வெளியிட வழியின்றித் தவிக்கும் ஒருவரை, பெரும்பாலும் ஓர் இளைஞரையோ பெண்ணையோ, அடையாளம் காண்பார், அவரை அறிதுயிலில் ஆழ்த்தி, கல்லெறிந்தது யார், ஏன் என்பதை அவர் வாயாலேயே கேட்பார், அதன் பிறகு பெற்றோரை அழைத்து, இப்பிள்ளையைப் படிப்பிற்கோ திருமணத்திற்கோ இப்படி நெருக்காதீர்கள் என்று அறிவுரை சொல்லுவார். தாயின் சாயலை மனைவியிடம் கண்டு இல்லறத்திற் கலங்கிய ஓர் ஆடவனைப் பற்றிய அவருடைய குறிப்பு, 1972இல் மலையாளத்தில் ‘புனர்ஜென்மம்’ என்றும் 1973இல் தமிழில் ‘மறுபிறவி’ என்றும் திரைப்படமாயிற்று.

கோவூரின் வெற்றியை அறிதுயிலின் வெற்றியாகக் கொள்வது அவரைப் படிப்போர் வழக்கம். நான் அதனை ஏற்கவில்லை. கல் விழுவது நின்றதற்குக் காரணம் அந்த மயக்கத்தைவிட, வீட்டில் எவரும் கேளாதிருந்த ஒரு பிள்ளையின் குறையை மரியாதைக்குரிய முதியவர் ஒருவர் கேட்டதும், அதைப் பெற்றோர் முன்னிலையில் எடுத்துரைத்ததுமே என்று அவருடைய குறிப்புகளே சாட்சி சொல்லுகின்றன. அவர் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. நல்ல வாக்குச் சொல்லுபவர் செய்வதும் ஏறத்தாழ அதுவே. மருமகளின் தலையில் ஏறிய பேய் தன் குறையைச் சொல்லும்போது மாமியார் கைகட்டிக் கேட்கிறார். மருமகளாக அவள் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் யார் காது கொடுத்திருப்பார்கள்? கோவூர் பேயை நீக்கி அந்தக் குறையை அவளுடைய பெயரிலேயே பதிவு செய்தார். அது அவர் செய்த முன்னேற்றம், அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் வந்தவரின் நம்பிக்கையை நகைத்துப் பேசும் அவருடைய பழக்கம் இன்றைய உளச்சிகிச்சைக்கு ஆகாதது.

மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் 1990களில் நிகழ்ந்ததை அமெரிக்க மானிடவியலாளர் பட்ரீசியா லாரன்ஸ் நெருங்கியிருந்து எழுதியுள்ளார். பிடித்துச் செல்லப்பட்டோரின் தாய்மார், பொலிஸிலும் முகாமிலும் விடை கிடையாமல், வாக்குச் சொல்லும் பெண்களிடம் வந்து நின்றனர். உருவேறிய அப்பெண்கள் காணாமற்போனவரின் வேதனையைத் தம் உடலிலேயே காட்டி அழுதனர். வெளியே எவரும் பேச அஞ்சிய காலத்தில், கோயில் வாசலில் அந்தத் துயரம் வாய்விட்டுச் சொல்லப்பட்டது. இங்கே மயக்கமுற்றவர் நோயாளியல்லர், வைத்தியர் நிலையிலுள்ளவர் என்பது அறிதுயிலுக்கு நேர் எதிரான அமைப்பு. ஆயினும் ஊரும் உறவும் கூடியிருக்க, துயரத்துக்கு ஒரு குரலும் கதையும் கிடைத்து, அதன்பின் செய்ய வேண்டிய நேர்த்தியும் காணிக்கையுமாக ஒரு கருமம் முன்வைக்கப்படுவதைப் பார்க்கும்போது, பேச்சும் மயக்கமும் இணைந்தால் பலன் மிகும் என்ற அறிவு சடங்கிலும் உறைந்திருப்பது தெரியும்.

இம்முறையின் தீங்குகளையும் மறைக்கக் கூடாது. அறிதுயிலில் எழும் நினைவு தெளிவாகவும் உறுதியாகவும் தோன்றுமேயன்றி உண்மையாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கேட்பவரின் எதிர்பார்ப்பே நினைவாக உருப்பெறக்கூடும். அமெரிக்க வைத்தியச் சங்கம் 1985இல் இதனை எச்சரித்தது. அதன் பின்னரும் 1990களில், மறந்த கொடுமையை மீட்கிறோம் என்று புறப்பட்ட சில சிகிச்சையாளரால் அங்கே குடும்பங்கள் பிளவுபட்டன. சித்தப்பிரமை உடையோர்க்கும், மாயக்குரல் கேட்போர்க்கும் தேர்ந்த உளமருத்துவரின்றி இதனைச் செய்வது ஆபத்து. ஆழ்ந்து மயங்குவோர் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பேரே; அதே அளவினர் மயங்குவதே அரிது. ஒரே நாளில் எல்லாம் தீருமென்று விளம்பரம் செய்வோரைப் பற்றி இதற்குமேல் எழுதி மையைச் செலவழிக்க விரும்பவில்லை.

கிழக்கு மாகாணம் முழுமைக்கும் உளமருத்துவர் ஒருவரே இருந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. 2004 டிசெம்பர் 26இன் சுனாமிக்குப் பின்னரே உளநலச் சேவையும் உளவளத்துணையாளரும் இங்கே பெருகினர். யாழ்ப்பாணத்தில் போரின் நடுவே பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், இந்துக்களுக்குச் சாந்தி ஆசனமும் பிராணாயாமமும் ஓங்கார உச்சாடனமும், கிறிஸ்தவர்க்கு ஜெபமாலையும், முஸ்லிம்களுக்குத் திக்ருமாக, அவரவர் மரபிலுள்ள அமைதிப் பயிற்சிகளையே சிகிச்சையில் சேர்த்தார். அறிதுயிலைப் படுவான்கரையில் விதைக்க விரும்புவோர் பின்பற்ற வேண்டிய வழி இது. ஏவற்சொற்கள் ஆங்கில நூலின் கடற்கரையையும் புல்வெளியையும் வர்ணிக்க வேண்டியதில்லை. சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குக் கடல் பாதுகாப்பான இடமாகாது. வாவிக்கரையும் கோயில் முன்றிலும் தாய்வீட்டுத் திண்ணையும் ஆகலாம், அவையும் அவளே தெரிந்தெடுத்தவையாக இருத்தல் வேண்டும். கண்ணை மூடு என்ற ஏவலே, கண்கட்டி அழைத்துச் செல்லப்பட்டு மீண்டவரை நடுங்கச் செய்யும். அவர் கண் திறந்தபடியே இதனைச் செய்யலாம். பெண்ணொருத்தி தனியறையில் ஆடவர் முன் கண்மூடி இருப்பதை வீட்டார் ஒப்பார். தாயோ அக்காவோ உடனிருக்கச் செய்வது சிகிச்சைக்கு இடையூறன்று, கோவூர் கண்டதுபோல அவர்களும் கேட்க வேண்டியவர்களே.

எல்லாவற்றினும் கடினமான வழக்கு ஒன்று எஞ்சுகிறது. 1990 செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டு மீளவில்லை. அவர்களைப் போன்றோரின் தாய்மாரும் மனைவியரும் வாவியின் இரு கரையிலும் இன்று முதுமையில் இருக்கின்றனர். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு 2016இல் சட்டம் இயற்றப்பட்ட பின்னும், சடலமும் இல்லை, செய்தியும் இல்லை. இத்தகைய துக்கத்தில் அறிதுயில் எதனைச் செய்யலாம் என்று வரையறுப்பது எளிது: உறக்கத்தை மீட்கலாம், படபடப்பைத் தணிக்கலாம், மகனின் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் அவனைப் பிடித்துச் சென்ற அந்த நாளும் கூடவே வந்து நிற்காமல், அவன் பள்ளிக்குப் போன நாளும் பசியோடு வந்து சோறு கேட்ட நாளும் தனியே வர இடம் செய்யலாம். செய்யக் கூடாததும் எளிதில் விளங்கும்: மயக்கத்தில் அவனைக் காட்டுவதும், அவன் பேசியதாகக் கேட்கச் செய்வதும், இறந்தானென்றோ இருக்கிறானென்றோ ஏவலால் ஒரு முடிவைப் புகுத்துவதும் தகாதன. அந்த முடிவைத் தர வேண்டியது அரசு. அதுவரை, வாரந்தோறும் வந்து அவள் எதிரில் அமர்ந்து, இந்த வாரம் எப்படி உறங்கினீர்கள் அம்மா என்று கேட்டு, அவள் சொல்லுவதை முழுமையாகக் கேட்கும் ஒருவர் வேண்டும். அவருக்கு அறிதுயில் தெரிந்திருந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் அவர் வர வேண்டும்.